மாலை போடாத படம்

இந்த மசியில் தண்ணீர் அதிகம், ஐயா. கொம்பு இழுத்தால் காகிதத்தில் ஊறிப் பிசிறு தட்டுகிறது. குறை சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஊரில் நல்ல மசி கிடைக்காத நேரம் என்பது எனக்குத் தெரியாதா. நான் வாயால் சொன்னால் போதும், உங்கள் ஆள் எழுதிக்கொள்வான் என்றீர்கள். நேற்று அவன் எழுதியதை எட்டிப் பார்த்தேன். ஒரு வரி மேலே ஏறுகிறது, ஒரு வரி கீழே சரிகிறது. என் பெயரில் போகிற காகிதம் அப்படிப் போக வேண்டாமே என்றுதான் நானே எழுதித் தருகிறேன் என்றேன். இருபத்தைந்து வருஷமாக எழுத்தை விற்றுச் சாப்பிட்டவன் நான்.

என் வலது கையில் கட்டியிருக்கும் கயிற்றைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள். சிவப்புக் கயிற்றின் நடுவில் ஏன் பச்சைத் துணி முடிந்திருக்கிறது என்று கேட்டீர்கள். அது வர வேண்டிய இடத்தில் வரும். நான் எந்தப் பலகையையும் மேலிருந்து கீழாக எழுதித்தான் பழக்கம். நடுவில் கை வைத்தால் வர்ணம் இழுகிவிடும்.

என் பெயர் கலியாணசுந்தரம். கலியாணம் பெயரில் இருப்பதோடு சரி. காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குத் திரும்பும் முனையில் முன்னறையும் பின்னறையுமாக ஒரு வீடு. முன்னறைதான் பட்டறை. அதற்கு முன்பு ஆற்றோரம் தவுக்கே என்று கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் பலகைக் கடையில் பதினோரு வருஷம் சம்பளத்துக்கு இருந்தேன். நான் எழுதுவேன், அவர் பெயர் மூலையில் இருக்கும். கித்தா ரப்பர் விலை விழுந்து ஊரே காய்ந்த வருஷத்தில் என்னை நிறுத்திவிட்டார். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன். இனி எவனுக்கும் மாதச் சம்பளத்துக்குக் கை கட்டி நிற்பதில்லை. வேலைக்கு வேலை பேசிக்கொள்வது, முடித்ததும் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போவது.

சொல்வதற்குச் சுலபம். முதல் இரண்டு வருஷம் பட்டினி. முடி வெட்டுகிற கடைக்கு ஒரு பலகை, சவப்பெட்டிக் கடைக்கு ஒரு பலகை, கம்போங் செட்டியில் ஒரு வீட்டாருக்கு அவர்கள் அப்பாவின் படம். அந்தப் படத்தில்தான் ஆளை எழுதவும் எனக்கு வரும் என்று கண்டுகொண்டேன். அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். டீக்கடையிலும் பசாரிலும் உட்கார்ந்திருக்கிறவர்கள் முகத்தைப் பென்சிலால் பிடித்து, பக்கத்தில் குறிப்பு எழுதி வைப்பேன். இடது புருவத்தில் தழும்பு, முன்பல்லில் காவி, இப்படி. ஆள் செத்த பிறகு படம் கேட்டு வருவார்கள். போட்டோ எடுத்துக்கொள்கிற வசதி நம் ஜனங்களில் எத்தனை பேருக்கு இருந்தது? நோட்டைப் புரட்டி முகத்தை எடுப்பேன், கழுத்தில் மாலை போடுவேன், நெற்றியில் சந்தனப் பொட்டு வைப்பேன். மாலை போட்டால் இறந்தவர், போடாவிட்டால் இருப்பவர். காஜா பெராங்கில் படிக்கத் தெரியாத பொம்பிளைக்கும் அது தெரியும்.

எப்படி அண்ணே நீங்க மட்டும் வேலை இல்லாம உட்காரவே மாட்டேங்கிறீங்க என்று சிலர் கேட்பார்கள். ரகசியம் ஒன்றுமில்லை. சொன்ன நாளில் கொடுத்துவிட வேண்டும். எதற்கு என்று கேட்கக் கூடாது. படத்தின் முன்னால் நிற்கப்போகிறவன் யார் என்று தெரிந்து எழுத வேண்டும். இதெல்லாம் எவனுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு. வேலை கொடுத்தவன் கேட்காத ஏதோ ஒரு சின்ன விஷயத்தை நம் பங்காகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் அவன் மறுபடி நம் வாசலுக்கு வருவான்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வந்தான். ஊர் பதுங்கியது. எனக்குப் பதுங்க நேரமில்லை. கடைப் பலகைகளில் இங்கிலீஷை அழித்து அவர்கள் எழுத்தைப் போட வேண்டும் என்று உத்தரவு. ஒன்பது நாளில் அந்த எழுத்துகளின் வடிவம் என் கைக்கு வந்துவிட்டது. அர்த்தம் தெரியாது. சீனமும் மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்தும்கூட அர்த்தம் தெரியாமல்தான் எழுதினேன், ஒருவரும் குறை சொன்னதில்லை. அர்த்தம் எழுதச் சொல்கிறவனுடையது. கோடு என்னுடையது.

எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் சிஹாபுதீன் பாய் பலகையை மாற்றியபோது அவரே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னா எழுதியிருக்குன்னு எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது. பார்வைக்கு நல்லாத்தான் இருக்கு, போ," என்றார். அவர் கடையில் அப்போது விற்பதற்கு மரவள்ளிக்கிழங்கையும் உப்பையும் தவிர ஒன்றும் இல்லை. பலகை மட்டும் பளிச்சென்று இருந்தது.

இனி நல்லையாவைப் பற்றிச் சொல்கிறேன். கித்தாக் கிடங்கில் மூட்டை தூக்கியவன். நல்ல கட்டான ஆள். கிடங்கு மூடிக் கிடந்தது. நாற்பத்து மூன்று ஏப்ரலில் சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், வீட்டுக்கு அரிசி உண்டு என்று சொன்னதும் பெயர் கொடுத்தான். தம்பினுக்குப் போகிற நம் ஊர்த் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டிருந்தார்கள். அதனால் லோரியில் ஏற்றினார்கள். நான் நோட்டுடன் போய் நின்றேன். ஊரை விட்டுப் போகிற முகங்களை அன்று விட்டால் பிறகு பிடிக்க முடியாது.

அவன் மனைவி பூங்காவனம் மாரியம்மன் கோயிலில் மந்திரித்த சிவப்புக் கயிற்றைக் கொண்டுவந்திருந்தாள். அவன் புஜத்துக்கு அது எட்டவில்லை. மூட்டை தூக்கிய கை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் யோசிக்கவே இல்லை. கட்டியிருந்த சேலையின் ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு விரல் நீளம் கிழித்து, கயிற்றோடு முடிந்து கட்டினாள். பச்சைக் கரை. ஊரில் மாற்றுத் துணி இல்லாத காலம் அது, ஐயா.

"ஊரு வந்து சேர்ந்து ஆத்தா முன்னாடி நின்ன பெறகுதான் அவுக்கணும். நடுவுல அவுத்தா காவல் போயிடும்," என்றாள்.

"நீயே வந்து அவுத்து விடு. அதுவரைக்கும் நான் தொடவே மாட்டேன்," என்றான் நல்லையா.

அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை நன்றாக எடுக்கும்.

ஜூலை மாதம் ஜெயபாலன் வந்தான். முன்பு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன், இப்போது ஆள் எடுக்கிற ஆபீசில் இருந்தான். மூன்று மாதம் என்று போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, கடிதமும் இல்லை. ஜனங்கள் பெயர் கொடுக்கப் பயந்தார்கள். "அண்ணே, ஆள் சேர மாட்டேங்குது. மேலே இருக்கிறவன் என் கழுத்துல கத்தி வைக்கிறான். பார்த்தாலே போகணும்னு ஆசை வர்ற மாதிரி ஒரு படம் போட்டுக் குடுங்க. நல்லா வந்துச்சுன்னா இன்னும் பத்துப் பதினஞ்சு எடத்துக்கு வேணும்," என்றான். அரிசி கொடுத்தான். அதைவிடப் பெரிதாக, எங்கிருந்தோ பிடித்த அசல் எனாமல் டின்கள் நான்கைக் கொண்டுவந்து வைத்தான். ஒரு வருஷமாகச் செங்கல் பொடியையும் மஞ்சளையும் கிழங்குப் பசையையும் குழைத்து வேலை செய்தவன் நான். மூடியைத் திறந்ததும் வந்த வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முதலில் மாவுச் சாக்குத் துணியில் பொதுவாக ஓர் ஆளை எழுதினேன். சிரித்த முகம், பின்னால் மலை, கூரை வீடுகள், சோற்றுப் பானை. பார்த்தால் சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தது. பெயரில்லாத முகத்தை எவன் நம்புவான்? ஆளை மட்டும் அழித்துவிட்டு நோட்டை எடுத்தேன். நல்லையா வந்தான். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டேன். முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது இன்னும் ஏதோ குறைந்தது. என் பங்கு இன்னும் சேரவில்லை. புஜத்தில் கயிற்றை எழுதினேன், நடுவில் பச்சைத் துண்டையும் எழுதினேன். அதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

சிஹாபுதீன் பாய் கடையின் பக்கச் சுவரில்தான் முதல் படத்தை ஆணி அடித்தார்கள். அவரிடம் யார் அனுமதி கேட்டார்கள்! மத்தியானத்துக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. நம்ம நல்லையா, நம்ம நல்லையா என்று ஒரே பேச்சு. பூங்காவனம் துணி துவைத்த ஈரக் கையோடு ஓடி வந்தாள். முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மாதான் நின்றாள். பிறகு புஜத்தைப் பார்த்தாள். கிட்டே போய் அந்தப் பச்சைத் துண்டை விரலால் தொட்டாள்.

"இது என் சேலை. அவரப் பார்த்துத்தான் போட்டிருக்காங்க. இல்லாட்டி இது எப்படித் தெரியும்?" என்று எல்லோரிடமும் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள், சிரித்தாள்.

நான் எதிர்ச்சாரியில் நின்றிருந்தேன். மறைப்பானேன், ஐயா, என் ஆயுளில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. அதுவரை என் எழுத்தைப் படித்தார்கள், சவப்பெட்டி எங்கே விற்கும் என்று தெரிந்துகொண்டு போனார்கள். எழுதியவனை ஒருவரும் நினைத்ததில்லை. என் படத்தின் முன்னால் ஒருத்தி நின்று அழுதது அன்றுதான். நல்லையா அதற்கு முந்தின மாதமே செத்துவிட்டான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இந்த வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், கவனித்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பாய் என்னைக் கூப்பிட்டார். "கலியாணம், நல்லையாவ நீ எங்கே பார்த்தே?"

"ஆபீஸுக்குப் போட்டோ வந்துச்சு, பாய்."

அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். அந்த வாரத்தில் மட்டும் எங்கள் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் நாற்பத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள். பதினைந்து படம் வேண்டும் என்று ஜெயபாலன் அவசரப்படுத்தினான். விடிந்தால் உட்காருவேன், வெளிச்சம் போகும்வரை அதே முகம், அதே சிரிப்பு, அதே கயிறு. மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு வேலையில் பெயர் எடுத்தால் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த அலுப்பு நீங்கள் பட்டிருக்க மாட்டீர்கள்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, பாய் தொழுகைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்த நேரம், சுப்பையன் வந்தான். நல்லையாவோடு அதே லோரியில் போனவன். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நோட்டில் அவன் முகமும் இருந்தது, ஆனால் வந்து நின்றதில் அந்த முகம் மிச்சமில்லை. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே புண், ஈ மொய்த்தது. கூட்ஸ் வண்டியில் ஒளிந்தும் நடந்தும் வந்ததாகச் சொன்னான். கஞ்சி கொடுத்தேன். குடித்துவிட்டு இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். கயிறு. பச்சைத் துண்டு அழுக்கேறிக் கறுத்திருந்தது.

"பேதிலே போயிட்டான், அண்ணே. மழ ஆரம்பிச்சதும் ஒரே வாரத்துல எங்க கொட்டாயில பாதிப் பேரு போயிட்டாங்க. நான்தான் இத அவுத்தேன். அவுக்கணும்னுகூட இல்ல, கை குச்சியாப் போச்சு, தானா வழுக்கிட்டு வந்திருச்சு."

ஏன் முதலில் என்னிடம் வந்தான் என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ள மூஞ்சியப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீங்க நல்லையா படம் ஒண்ணு போட்டுக் குடுங்க, மாலையோட. படத்தையும் கயிறையும் கையில குடுத்தா அவளே புரிஞ்சுக்குவா. நான் வாயத் தெறக்க வேண்டியதில்ல."

அவன் கேட்டது நியாயம்தான். என் தொழிலும் அதுதான். ஆனால் சுவரோரம் காய்ந்துகொண்டிருந்த படங்களை அப்போதுதான் அவன் பார்த்தான். ஆறு நல்லையா வரிசையாகச் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுப்பையன் நொண்டிக்கொண்டு கிட்டே போனான்.

"யாருண்ணே இது?"

"நல்லையா."

"இது நல்லையா இல்ல," என்றான். "அவன் இப்படி எப்பச் சிரிச்சான்? இந்த மாதிரி வீடு அங்க எங்க இருக்கு? இதத் தெருவுல மாட்டினா சனங்க நம்பிப் போயிடுமே, அண்ணே. அழிச்சிடுங்க."

சாதாரணமாகத்தான் சொன்னான். அவனுக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும்? மூட்டை தூக்குகிறவன். அந்தச் சிரிப்புக்காக நான் மூன்று நாள் மெனக்கெட்டிருந்தேன். ஊரே பார்த்து நல்லையா என்றது, பெற்ற தாய்போல அவள் தொட்டு அழுதாள், இவன் ஒருவன் வந்து நல்லையா இல்லை என்கிறான். எனக்கு மனம் மிகவும் கஷ்டப்பட்டது. கோபம் என்று சொல்ல மாட்டேன். சோர்வுதான். இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த ஒரு பெயர், அதையும் ஒருவன் கஞ்சி குடித்த வாயைத் துடைத்துக்கொண்டே அழிக்கச் சொல்கிறான்.

பின்னறையில் கோரைப்பாய் விரித்துக் கொடுத்தேன். படுத்துக்கொள், மாலை போட்ட படத்துக்கு வெள்ளை வர்ணம் வாங்கி வருகிறேன் என்றேன். கயிற்றை என்னிடம் கொடுத்தான், பார்த்து எழுத வேண்டுமே என்று. ஜெயபாலன் ஆபீஸ் நடக்கிற தூரம்தான். சயாமிலிருந்து ஓடி வந்த ஆள் ஒருவன் என் வீட்டில் தூங்குகிறான் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அவன் கேட்கவும் இல்லை. திரும்பி வந்து, அவர்கள் வரும்வரை ஏழாவது படத்தில் பச்சை வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். என் வீட்டில் வைத்து அவனை அடிக்கவில்லை. நடக்க முடியவில்லை என்றதும் தோளில் கைகொடுத்துத்தான் கூட்டிப்போனார்கள். வாசலில் அவன் திரும்பிப் பார்த்து, "வெள்ளை கெடச்சுதாண்ணே?" என்று கேட்டான். அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. கிடைக்கவில்லை என்றேன்.

அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை. அது ஆபீஸ் விஷயம், நான் அந்த ஆபீசில் ஒருநாளும் சம்பளத்துக்கு இருந்தவன் அல்ல. இதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கயிற்றை மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன்.

பத்து நாள் கழித்துப் பூங்காவனம் வந்தாள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். வாசலுக்கு வெளியே நின்று பேசினாள்.

"அண்ணே, சயாமுக்குப் போனவங்க செத்துக்கிட்டிருக்காங்கன்னு பசார்ல பேசிக்கிறாங்க. பாய்கூட, கொஞ்சம் பொறுத்துக்க, எதுக்கும் பெயர் குடுத்துடாதேன்னு சொல்றாரு. பொம்பிளைங்களையும் சமையலுக்கு எடுக்கிறாங்களாம், புருஷன் இருக்கிற எடத்துக்கே விடுவாங்களாம். நாளைக்குப் பெயர் குடுக்கக் கடைசி நாளு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரு கையில அந்தக் கயிறு இருந்துச்சா? நெசமாலுமே பார்த்தீங்களா?"

நான் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். முழங்கை இழுப்பறையின் மேல் இருந்தது.

ஐயா, அவளுக்குச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அந்த நேரம் யோசித்தேன். இழுப்பறையைத் திறந்தால் போதும், வாய் பேச வேண்டியதில்லை. அவள் போக மாட்டாள். ஆனால் அதற்குப் பிறகு சுவரில் இருக்கும் அந்தப் படத்தை அவள் எப்படிப் பார்ப்பாள்? பார்த்தவர்களெல்லாம் எப்படிப் பார்ப்பார்கள்? பதினாறு இடத்தில் மாட்டியிருக்கிறது. அது பொய்ப் படம் என்று ஆகிவிடும். நான் எழுதியதிலேயே நல்ல படம் அது.

"போட்டோவுல தெளிவா இருந்துச்சும்மா. பச்சைத் துண்டோட. அத வச்சுத்தான் எழுதினேன்," என்றேன்.

அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவு கெட்டிக்காரியான பொம்பிளை, நான் அப்படி ஒரு போட்டோவைப் பார்த்ததே இல்லை என்று ஒரு நாளும் சந்தேகிக்கவில்லை. காஜா பெராங்கில் மாலை போடாத படத்தில் இருக்கிறவன் உயிரோடு இருப்பவன். அவள் வேறெதையும் கேட்கவில்லை.

கிளம்பிப் போனவள் திரும்பி வந்து கூச்சத்தோடு கேட்டாள். "அண்ணே, அந்தப் படத்துல அவரு பக்கத்துல என்னயும் போட முடியுமா? சின்னதா. நான் கௌம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ பார்த்துட்டுப் போறேன்."

இரண்டு நாள் வந்து உட்கார்ந்தாள். எனக்காக உட்கார்ந்து கொடுத்த ஒரே ஆள் அவள்தான். மற்றவர்களை எல்லாம் அவர்களுக்குத் தெரியாமல் எழுதியவன் நான். விற்றுவிட்ட வளையல்களைக் கையில் எழுதிவிடச் சொன்னாள். "ரொம்ப ஒட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி போட்டுறாதீங்க, அவரு பார்த்தா சிரிப்பாரு," என்றாள். "சொல்லாமக் கொள்ளாமப் போய் நின்னா முதல்ல திட்டுவாரு. ஒனக்கு எதுக்கு இந்த வேலன்னு கேப்பாரு. பெறகு கயிறப் பார்த்தியான்னு காட்டுவாரு," என்றாள். பேச்சுக் கொடுத்தால் முகம் அசையும், பேசாமல் இரும்மா என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. இழுப்பறை எங்கள் இருவருக்கும் நடுவில்தான் இருந்தது.

படம் நன்றாக வந்தது. ஜெயபாலன் பார்த்ததும் அதை அப்படியே வாங்கிக்கொண்டான். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து நிற்கிற படம் இருந்தால் குடும்பமாகவே பெயர் கொடுப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, ஐயா. அந்த யோசனை என்னுடையது. அடுத்த லோரிகளில் பதினான்கு பொம்பிளைகள் போனார்கள். பூங்காவனம் முதல் லோரியில் ஏறினாள். கிழிந்த கரையுள்ள அதே சேலைதான். பாய் தடுப்பதற்காகத் தெருமுனைவரை ஓடினார், வயதான மனிதர், மூச்சு வாங்கியது. அவள் சிரித்துக்கொண்டே, கலியாணண்ணனே பார்த்துச் சொல்லிட்டாரு பாய் என்றாள்.

சண்டை முடிந்த பிறகு கணக்குக் கேட்டீர்களே. என் படங்களைப் பார்த்து எழுபத்திரண்டு பேர் போயிருப்பார்கள். எனக்குத் தெரிந்து திரும்பியவர்கள் ஒன்பது பேர். அவள் அதில் இல்லை. திரும்பி வந்த ஒரு பொம்பிளை சொன்னாள், பூங்காவனம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு கொட்டாயாகப் போய், கையில் பச்சைத் துணி முடிந்த கயிறு கட்டிய ஆளைப் பார்த்தீர்களா என்று விசாரித்துக்கொண்டே இருந்தாளாம். காய்ச்சலில் விழுந்த பிறகும் அதையே கேட்டாளாம். அதைக் கேட்டபோது எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக உட்கார்ந்து கொடுத்த பொம்பிளை.

எனக்கு வேலை குறையவே இல்லை. நாற்பத்து நான்கு முழுவதும் படம், பலகை, கொடி. இந்த வருஷம் ஆகஸ்டில் அவர்கள் போனார்கள், செப்டம்பரில் நீங்கள் வந்தீர்கள். மறுபடி எல்லாப் பலகையையும் இங்கிலீஷில் மாற்ற வேண்டும் என்று முதலில் என் வாசலுக்குத்தான் வந்தார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த விசாரணைக் கச்சேரியின் வாசல் பலகை நான் எழுதியது. உள்ளே வரும்போது பார்த்தேன், மழையில் ஓர் எழுத்தும் உரியவில்லை.

பாய் கடைப் பலகையையும் நான்தான் மாற்றினேன். பழையபடி அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். கையை உயர்த்தி எழுதும்போது சட்டைக் கை சரிந்துவிட்டது. அவர் அண்ணாந்து கயிற்றைப் பார்த்தார். ஏணியிலிருந்து கையை எடுத்துவிட்டு நேரே உங்களிடம் நடந்து போனார். கடைசி எழுத்தை ஆடுகிற ஏணியில் நின்றுதான் முடித்தேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

கயிறு எப்படி என் கைக்கு வந்தது என்பதுதானே உங்கள் கேள்வி. போன வருஷக் கடைசியில் எனக்கு மலேரியா. மருந்து இல்லை. கையில் இருந்த வேலையைச் சொன்ன நாளில் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்று பயம். ஆத்தா கயிறு இழுப்பறையில் வீணாகத்தானே கிடக்கிறது என்று எடுத்துக் கட்டிக்கொண்டேன். பச்சைத் துண்டு சேர்த்திருந்ததால் என் கைக்கு நீளம் தாராளமாகவே இருந்தது. காய்ச்சல் நின்றது.

நல்லையா இறந்ததை மறைத்தேன். சுப்பையனைப் பிடித்துக் கொடுத்தேன். பூங்காவனத்தை நான்தான் லோரியில் ஏற்றினேன். மற்றவர்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கீழே என் பெயரை எழுதியிருக்கிறேன். என் வேலையில் நான் பெயர் போடுவது இதுதான் முதல் தடவை.

கயிற்றை மட்டும் அவிழ்த்து மேசை மேல் வைக்கச் சொல்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், ஐயா. ஊர் வந்து சேர்ந்து ஆத்தா முன்னால் நின்ற பிறகுதான் அவிழ்க்க வேண்டும் என்று அந்தப் பெண் என் காது கேட்கத்தான் சொன்னாள். என்னை வீட்டுக்கு அனுப்புங்கள், போகிற வழியில் கோயிலில் அவிழ்த்துவிடுகிறேன். அவள் சொல்லை மீற எனக்கு மனம் வரவில்லை.